படகில் நின்றவள்

அந்தப் படகில் நின்றது உன் அம்மா இல்லை. நீ பொய் சொல்கிறாய்.

இதை உன் வீட்டுக்கு வந்தே சொல்லியிருப்பேன். ஆனால் மீனவர் சங்கத்துக்குத் தலைவரான பிறகு உன் வீட்டில் எப்போது பார்த்தாலும் பத்துப் பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னால் நீ சிரித்துக்கொண்டே, "இன்னாமே, இந்த வயசுல இன்னா கோவம், டீ குடிச்சிட்டுப் போ" என்று பேச்சை மாற்றிவிடுவாய். உன்னை எனக்கு ஐந்தாம் வகுப்பிலிருந்து தெரியும். அதனால்தான் எழுத்தில் வைக்கிறேன்.

நம்மோடு படித்தவர்கள் சேர்ந்து கொண்டுவரும் இந்த மலருக்கு என்னிடம் கேட்டது வேறு. "பழைய படத்தையும் பார்த்தாய், புதுப் படத்தையும் பார்த்தாய், இரண்டையும் ஒப்பிட்டு இரண்டு பக்கம் எழுது" என்றார்கள். ஒப்பிட்டுத்தான் எழுதுகிறேன். ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் எனக்கே உண்மை தெரிந்தது.

வெளியூர் போய்விட்டவர்களுக்காக முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நாம் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் நம் ஏரியில் இரண்டு நாள் ஒரு படம் எடுத்தார்கள். கறுப்பு வெள்ளைப் படம். அதன் கடைசியில் கதாநாயகி தனியாகப் படகு தள்ளிக்கொண்டு ஏரியைக் கடப்பாள். அந்தப் படத்தை இப்போது கலரில் மறுபடி எடுத்தார்கள். நன்றாக ஓடிவிட்டதாம். இரண்டாம் பாகம் வேறு எடுக்கிறார்கள். பழைய படத்தில் கதாநாயகிக்கு டூப்பாக நின்று படகு தள்ளிய நம் ஊர்ப் பெண்ணின் பெயரை இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் போட்டு வணக்கம் சொல்லப்போகிறார்கள். அந்தப் பெண் யார் என்று கம்பெனிக்காரர்கள் ஊருக்கு வந்து கேட்டார்கள். சங்கத் தலைவர், தன் அம்மாதான் என்று கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்துவிட்டார். வருகிற மாசி மகத்தன்று மேடை போட்டு அந்த அம்மாவின் படத்துக்கு மாலை போடுகிறார்கள். பேனர் அடித்து வந்தாகிவிட்டது.

படகு தள்ளியது என் அத்தை. நைனாவின் கடைசித் தங்கை. எழுபது வயதாகிறது. உயிரோடுதான் இருக்கிறாள். வேண்டுமானால் போய்ப் பாருங்கள், இந்நேரம் வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருப்பாள்.

*

கம்பெனிக்காரர்கள் வந்தது தை மாதம். காற்று வாடையிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. நம் ஊர் வடக்குத் துறையில் கேமராவை நிறுத்தினார்கள். வெள்ளித் தாள் ஒட்டிய பெரிய பலகைகளை ஆட்கள் தூக்கிப் பிடித்தார்கள். அது வெயிலை வாங்கி நம் மூஞ்சியில் அடிக்கும். நாம் மாறி மாறிப் போய் அந்த வெளிச்சத்தில் நின்று கண்ணை மூடிக்கொள்வோம். மூடினாலும் உள்ளே சிவப்பாகத் தெரியும். அந்தப் பலகை ஒரு தடவை ஏரிப் பக்கம் திரும்பியதும் மேய்ந்துகொண்டிருந்த பூநாரைகள் அத்தனையும் எழும்பிப் போய்விட்டன. டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அதுங்களத் திரும்பக் கூப்பிட முடியுமா" என்று நம்மைக் கேட்டார். நீதான், "சோறு போட்டா வரும் சார்" என்றாய். ஒரு ஆளை அனுப்பி உண்மையாகவே சோறு இறைக்க வைத்தார்கள். காக்காய்தான் வந்தது.

கதாநாயகியின் மேல் பவுடர் வாசனை அடித்தது. நம் துறையில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. இரண்டும் கலந்த ஒரு வாசனை இருக்கிறதே, அது இன்றைக்கும் எங்காவது அடித்தால் எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பயம் வந்துவிடும். ஏனென்றால் நீயும் நானும் அன்று மட்டம் போட்டிருந்தோம்.

அவள் நல்ல பெண். திமிர் இல்லை. படகில் ஏறிக் கழியைக் கையில் வாங்கினாள். கழி என்றால் இரண்டு ஆள் உயர மூங்கில். அதைச் சேற்றில் ஊன்றி, மேல் முனையை அக்குளில் கொடுத்து, உடம்பைச் சாய்த்துத் தள்ள வேண்டும். அவள் கையால் தள்ளினாள். படகு நின்ற இடத்திலேயே சுற்றியது. மூன்றாவது சுற்றில் கழி சேற்றில் நின்றுவிட்டது, படகு நகர்ந்துவிட்டது, அவள் இடுப்பளவு தண்ணீரில் நின்று சிரித்தாள். அவளைத் தூக்கிவிட்டுத் துடைத்து, படகைக் கட்டிப்போட்டு, அவள் தள்ளுகிற மாதிரி கிட்டத்தில் வைத்துக் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள். தூரத்தில் போகிற காட்சிக்கு இதே உயரத்தில் ஊர்ப் பெண் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்கள்.

ஆண்கள் எல்லோரும் ஏரியில் இருந்தார்கள். துறையில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சினிமாக்காரர்களிடம் பேசவே கூடாது என்று ஊர்க் கூட்டத்தில் சொல்லியிருந்தார்கள். உன் அம்மா மட்டும் பேசலாம், ஏனென்றால் கம்பெனிக்குச் சமைத்துப் போட உன் அம்மாவுக்குத்தான் ஊர் அனுமதி கொடுத்திருந்தது. அடுப்பில் நண்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

அத்தை இறால் கூடையை இடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள்.

"நான் தள்றேன்."

உன் அம்மா கரண்டியோடு எழுந்து வந்தாள். "உனுக்கு இன்னா பைத்தியமாடி? ஊருக்குத் தெரிஞ்சா உங்க அண்ணன் கதி இன்னா ஆவறது?"

"தூரத்துலதானே எடுக்கறாங்க. மூஞ்சி தெரியாதுக்கா."

"மூஞ்சி தெரியலன்னா? கழி தள்றதைப் பாத்தே ஆளைச் சொல்லுவானுங்க நம்ம ஆம்பளைங்க."

அது உண்மை. நம் ஊர் ஆண்களின் பெருமையே அதுதான். எவ்வளவு தூரத்தில் ஒரு படகு வந்தாலும், தள்ளுகிறவன் சாய்கிற சாய்ப்பைப் பார்த்து இன்னார் மகன், இன்னார் தம்பி என்று சொல்லிவிடுவார்கள். அத்தையைக் கண்டுபிடிக்க அந்த அளவுக்குக் கண் வேண்டியதே இல்லை. அவள் இடக்கைக்காரி. ஏரியிலேயே இடது அக்குளில் கழி வைத்துத் தள்ளுகிறவள் அவள் ஒருத்திதான்.

ஆனாலும் ஏறினாள். பதினேழு வயது. அந்த வயதில் ஏறாமல் எப்போது ஏறுவது?

கதாநாயகியின் புடவையை அத்தைக்குக் கட்டினார்கள். நைலக்ஸ் புடவை, இளம் பச்சை. படத்தில் சாம்பல் நிறமாகத் தெரிகிறது, அது பொய். மாராப்பு காற்றில் பறக்காமல் இருக்க ஒரு ஊக்கு கொடுத்தார்கள். அத்தை படகை எடுத்தாள். பத்துத் தள்ளல் போயிருப்பாள். டைரக்டர் கையைத் தட்டினார்.

"கழியை அந்தப் பக்கம் மாத்தும்மா. ஹீரோயின் வலது பக்கமா தள்ளியிருக்காங்க."

அத்தை மாற்றினாள். படகு கோணிக்கொண்டு போய்க் கரையில் முட்டியது. மறுபடி மாற்றினாள். மறுபடி முட்டியது. அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. டைரக்டர் கேமராக்காரரிடம் ஏதோ பேசினார். பிறகு, "சரி விடு. உனக்கு எப்படி வருமோ அப்படியே போ. நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

இந்த "பாத்துக்கறோம்" என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தை போனாள். அவ்வளவு அழகாக அவள் அதற்கு முன்னும் போனதில்லை, பின்னும் போனதில்லை.  உன் அம்மா கரண்டியைப் பிடித்தபடியே நின்றாள். குழம்பு அடிப்பிடித்தது. நீயும் நானும் முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்தோம். பார்த்தோமா இல்லையா?

அன்று சாயங்காலமே நைனாவுக்கு விஷயம் போய்விட்டது. மறுநாள் முழுக்க அத்தையையும் என்னையும் வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். புடவையைக் கம்பெனிக்காரர்கள் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஊக்கை வாங்க மறந்துவிட்டார்கள். இருட்டறையில் அத்தை அந்த ஊக்கைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பகலைக் கழித்தாள். இரண்டாம் நாள் படப்பிடிப்பு எப்படி நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது. நீ போனாய்.

*

நம் ஏரியில் இன்று இவருக்கு இந்த இடம், நாளை அவருக்கு என்று சீட்டுப் போட்டு முறை வைத்து வலை கட்டுகிறோமே, பாடு, அதற்கு வெளியூர்க்காரர்கள் பெரிய பெயர் வைத்து ஆராய்ச்சி செய்கிறார்கள். எங்கள் வீட்டில் அது சோறு. பாடு முறையில் பெயர் இல்லாதவன் ஏரிக்கரையில் நின்று வேடிக்கைதான் பார்க்கலாம்.

ஊர்க் கூட்டத்தில் நைனாவை நிறுத்தினார்கள். தங்கை சினிமாவில் நடித்தது உண்மையானால் ஒரு வருடத்துக்கு அவர் பெயர் பாடு முறையிலிருந்து நீங்கும் என்றார்கள். நைனாவுக்கு உண்மை தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஆறு வயிறு பட்டினி. துறையில் இருந்த பெண்களைக் கேட்கலாம். கேட்கவில்லை. பெண்கள் ஒருத்தியை ஒருத்தி விட்டுக்கொடுக்க மாட்டார்களாம். அதனால் நம் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள்.

என்னை முதலில் கேட்டார்கள். நான் அழுதேன், அவ்வளவுதான் முடிந்தது. அடுத்து உன்னைக் கேட்டார்கள். நீ மூக்கைத் துடைத்துக்கொண்டு, "படகுல இருந்தது அந்த நடிகை அம்மாதான். பர்ஸ்ட்ல வுழுந்தாங்க, அப்பறம் கத்துக்கினாங்க" என்றாய். கூட்டம் சிரித்தது. ஒரு நாளில் கழி தள்ளக் கற்றுக்கொண்டாளாம்.

அந்தப் பொய்யை நான் மறக்கவில்லை. அதைச் சொல்ல உனக்கு ஒரு காரணமும் இல்லை. நான் அழுதேன் என்பதற்காகச் சொன்னாய். உன்மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் அந்தக் குட்டை டவுசரையும் மூக்கையும் நினைத்தால் பாதி இறங்கிவிடுகிறது. மீதிப் பாதியில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஊர்ப் பெரியவர் ஒரு முடிவு சொன்னார். "படம் வரட்டும். நம்ம கண்ணுக்குத் தெரியாத கழியா? பாத்துட்டுச் சொல்றோம்."

எட்டு மாதம் நைனா அந்தப் படத்துக்காகக் காத்திருந்தார். கதாநாயகனின் விசிறிகள்கூட அப்படிக் காத்திருந்திருக்க மாட்டார்கள். திருப்பாலைவனத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களை நிறுத்தி, சுவரில் என்ன போஸ்டர் ஒட்டியிருக்கிறது என்று கேட்பார்.

*

படம் டென்ட் கொட்டகைக்கு வந்தது. முதல் ஆட்டத்துக்கு ஊரே படகில் போனது. பெரியவர்கள் ஐந்து பேர் முன்னால் மணலில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்கள், ஏதோ நிச்சயதார்த்தத்துக்கு வந்தவர்கள் மாதிரி. பெண்கள் பக்கத்தில் அம்மா, அத்தை, நான்.

கதை இதுதான். அக்கா தங்கை இருவர். தங்கை ஓடக்காரனைக் கட்ட ஆசைப்பட்டாள் என்று அக்கா அவளை வீட்டை விட்டுத் துரத்திவிடுகிறாள். பிறகு அக்காவுக்குப் பிரசவ வலி வந்து உயிருக்கு ஆபத்து. துரத்தப்பட்ட தங்கை அக்கரைக்குப் போய் மருத்துவச்சியை அழைத்துவரத் தனியாகப் படகு தள்ளுகிறாள். பாட்டு இல்லை, வசனம் இல்லை. தண்ணீர், படகு, தள்ளுகிற ஒருத்தி. அதைப் பார்த்துக் கொட்டகை முழுக்க அழுதது. எங்கள் ஐந்து பெரியவர்கள் மட்டும் அழவில்லை. அவர்கள் அக்குளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கழி வலது அக்குளில் இருந்தது.

 நான் என் கண்ணால் இடது பக்கம் பார்த்திருந்தேன். திரையில் வலது. பிரிண்ட் முழுக்கக் கோடு, மழை பெய்கிற மாதிரி. முகம் தெரியவில்லை. அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் திரையைப் பார்த்தபடி வாயைப் புடவையால் மூடிக்கொண்டிருந்தாள்.

அம்மா மட்டும் மெல்லச் சொன்னாள். "இன்னாடி இது, கிட்டத்துல காட்டும்போது மாராப்பு இடது தோள்ல இருந்திச்சி. தூரத்துல போனதும் வலது தோளுக்கு வந்துடிச்சே. சேட்டு வீட்டுப் பொம்பளைங்க மாதிரி."

பக்கத்தில் இருந்தவள், "சினிமா பேஷனு. சொம்மா பாரு" என்றாள்.

அம்மா சும்மா பார்த்தாள். கொட்டகையில் இருந்த ஐந்து பெரிய மனிதர்களுக்கும் தெரியாத விஷயத்தை அம்மாவின் கண் பிடித்துவிட்டது. அவளை யாரும் சாட்சி கேட்கவில்லை. கேட்டிருந்தால் நைனாவுக்குப் பாடு போயிருக்கும், அதுவும் உண்டு.

வெளியே வந்ததும் ஊர்ப் பெரியவர் நைனாவின் தோளில் தட்டினார். "வலக்கைக்காரி அவ. உன் தங்கச்சி இல்ல. போய் வலையைப் பாரு." நைனா கொட்டகை வாசலிலேயே அவர் காலில் விழுந்தார்.

திரும்பி வருகிற படகில் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். அத்தை என் காதில் சொன்னாள்: "பீச்சாங்கைன்னு என்னைத் தூக்கிட்டாங்கடி. ரெண்டாம் நாளு வேற யாரையோ வச்சி எடுத்துக்கினாங்க."

நானும் அப்படித்தான் நம்பினேன். வேறு எப்படி நம்புவது? திரையில் கண்ணால் பார்த்தோமே.

*

அடுத்த மாதத்திலிருந்து அத்தை வலது அக்குளில் கழி வைக்கப் பழகினாள். தினமும் விடிகாலையில் போவாள். முட்டுவாள், திரும்புவாள், மறுபடி முட்டுவாள். தோளில் தோல் உரிந்துவிட்டது. ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். "பொண்ணு திருந்திட்டா, புத்தி வந்துடிச்சி" என்றார்கள். கல்யாணம் பேச வந்தவர்களிடம் அதையே ஒரு நல்ல குணமாகச் சொன்னார்கள். ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. தூக்கி எறியப்பட்ட கையை அவள் தூக்கி எறிந்தாள். எனக்கு அப்போது பத்து வயது, எனக்கும் புரியவில்லை. ஒழுங்காகத் தள்ளுகிறாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஊக்கை எனக்குக் கொடுத்துவிட்டாள். நான் அப்போது ஆறாம் வகுப்பு, பாவாடையில் குத்திக்கொள் என்று கொடுத்தாள். பள்ளிக்கூடத்துக்குப் படகில் போய் வருகிற வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. அவளிடம் சொல்லவில்லை.

கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தன, மாமா போய்ச் சேர்ந்தார். ஐம்பது வருடத்துக்கு மேல் வலது பக்கமாகத்தான் தள்ளினாள். கடைசிவரை படகு கொஞ்சம் கோணித்தான் போகும்.

*

இப்போது புதுப் படம்.

காட்டுப்பள்ளிக்கு வேலைக்குப் போகும் என் மகன் பொன்னேரிக்கு அழைத்துப் போய்க் காட்டினான். பழசெல்லாம் பொன், புதுசெல்லாம் குப்பை என்று சொல்லும் ஆள் நான் இல்லை. புதுப் படத்தில் நம் ஊர்ப் பேச்சு சரியாக இருக்கிறது. "இன்னா" என்றால் இன்னா என்கிறார்கள். பழைய படத்தில் ஓடக்காரன் கோயில் குருக்கள் மாதிரிப் பேசுவான். புதுப் படத்தில் வலை வலையாக இருக்கிறது, நண்டு உயிரோடு இருக்கிறது. அதெல்லாம் நல்லது.

ஆனால் அக்காவைக் காணோம். அக்காவையே தூக்கிவிட்டார்கள். இப்போது கதாநாயகி கத்திக்குத்து வாங்கிய காதலனைப் படகில் போட்டுக்கொண்டு போகிறாள். காதலனுக்காக யார்தான் படகு தள்ள மாட்டார்கள்? தன்னைத் துரத்தியவளுக்காகத் தள்ளியதுதானே கதை. அந்தப் பெண் கழியை ஒட்டடைக்கொம்பு மாதிரி பிடித்திருக்கிறாள். படகு மட்டும் அம்பு மாதிரி போகிறது, அடியில் மோட்டார் இருக்கிறது என்று நம் ஊர்க் குழந்தைகூடச் சொல்லும். மேலே பறந்துகொண்டு எடுக்கிறார்கள். ஐம்பது பேர் வாத்தியம் வாசிக்கிறார்கள். நான் அழலாம் என்று கர்சீப்பைக் கையில் எடுத்து வைத்திருந்தேன். மறுபடி பையில் போட்டுக்கொண்டேன். இரண்டாம் பாகத்தில் அந்தக் காதலன் பிழைத்து வந்து பழி வாங்குகிறானாம். வாங்கட்டும்.

ஒரே ஒரு விஷயத்துக்காக அந்தக் கம்பெனிக்காரர்களைக் கும்பிடுகிறேன். புதுப் படத்துக்கு விளம்பரமாக ஒரு வீடியோ விட்டிருந்தார்கள். பழைய படத்தைக் கழுவித் துடைத்துக் கோடெல்லாம் எடுத்துவிட்டு, பழைய காட்சியை மேலேயும் புதுக் காட்சியைக் கீழேயும் வைத்திருந்தார்கள். "அன்று கேமரா நின்ற அதே துறையில், அதே இடத்தில்" என்று எழுத்து வேறு.

மகனின் போனில் அதைப் பார்த்தேன். கீழே புதுப் படத்தில் படகுக்குப் பின்னால், இடது ஓரத்தில், தூரத்தில் லைட் ஹவுஸ் தெரிந்தது. சரிதான், வடக்குத் துறையில் நின்றால் அது அந்தப் பக்கம்தான் தெரியும். மேலே பழைய படத்தில் வலது ஓரத்தில் ஒரு குச்சி. கொட்டகையில் பார்த்தபோது வலை கட்டுகிற கம்பு என்று நினைத்தேன். இப்போது கோடு இல்லாமல் பார்த்தால் அது கம்பு இல்லை. லைட் ஹவுஸ்.

ஒரே துறை, ஒரே இடம். லைட் ஹவுஸ் எப்படிப் பக்கம் மாறும்?

மகன் சொன்னான்: "பிலிமைத் திருப்பிப் போட்டுக்கிறாங்கம்மா. செல்பி எடுத்தா சட்டையில கீற எழுத்து திரும்பித் தெரியுதில்ல, அந்த மாதிரி."

"பாத்துக்கறோம்" என்றார் டைரக்டர். பார்த்துக்கொண்டார். கதாநாயகி வலது பக்கம், அத்தை இடது பக்கம். அத்தையைத் தூக்கவில்லை. படத்தைத்தான் திருப்பினார்கள். மாராப்பும் அதோடு சேர்ந்து தோள் மாறியது. அம்மா இருந்திருந்தால் அவள் காலில் விழுந்திருப்பேன்.

அன்றே அத்தை வீட்டுக்குப் போனேன். போனை நீட்டினேன்.

"இது நான் இல்லடி. என்னைத்தான் தூக்கிட்டாங்களே" என்று இறாலைப் பார்க்கத் திரும்பினாள்.

"கையைக் கழுவிக்கினு வா."

பீரோக் கண்ணாடிக்கு முன்னால் அவளை நிறுத்தினேன். போனைக் கண்ணாடியைப் பார்த்துத் திருப்பிப் பிடித்தேன். "போனைப் பாக்காத. கண்ணாடியைப் பாரு."

கண்ணாடியில் லைட் ஹவுஸ் தன் இடத்துக்குப் போனது. மாராப்பு இடது தோளுக்கு வந்தது. கழி இடது அக்குளில் ஏறியது. பதினேழு வயதுப் பெண் ஒருத்தி சாய்ந்து சாய்ந்து தள்ளிக்கொண்டு போனாள்.

அத்தை கண்ணாடிக்கு இன்னும் கிட்டே போனாள்.

"இன்னொரு தபா போடு."

போட்டேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை, போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. நடுவில், "கழியை ரொம்ப ஆழமா குத்திக்கிறேன் பாரு, வாடை அடிச்சிது அன்னிக்கு" என்றாள். அவள் இடது தோள் தானாக முன்னால் போய்ப் போய் வந்தது. கடைசியில் என்னைத் திரும்பிப் பார்த்து, "அந்த ஊக்கை இன்னாடி பண்ண?" என்றாள்.

தொலைத்துவிட்டேன் என்றேன். அதைச் சொல்ல எனக்கு ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

பேனர் விஷயத்தைச் சொன்னேன். "வுடுடி. செத்துப்போனவ பேரை எதுக்கு இழுக்கற. நல்ல பொம்பள, என்னைத் தடுத்தா, நான்தான் கேக்கல" என்றாள். கொஞ்சம் கழித்து, நான் செருப்பு மாட்டும்போது, "அந்தப் பேரை எவ்ளோ நேரம் காட்டுவாங்க? நான் எழுத்துக் கூட்டிப் படிக்கறதுக்குள்ள போயிடுமா?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு எழுதினேன்.

*

என் மகன் கம்பெனிக்காரர்களுக்கு எழுதினான். சங்கத் தலைவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார், அவரே மாற்றிச் சொன்னால் மாற்றுகிறோம் என்று பதில் வந்திருக்கிறது. ஆக, எல்லாம் உன் வாயில் இருக்கிறது, ஐந்தாம் வகுப்பில் இருந்த மாதிரியே.

உன் அம்மாவுக்கு மாலை போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு நாள் அந்தக் கம்பெனிக்கே சமைத்துப் போட்டவள். அந்த நண்டுக் குழம்புக்கே ஒரு பேனர் வைக்கலாம், நானே வந்து கட்டுகிறேன். ஆனால் அவள் செய்ததைச் சொல்லி மாலை போடு.

"பெரியவர்கள் வலக்கை என்று தீர்ப்புச் சொன்னார்கள், என் அம்மா வலக்கைக்காரி, அதனால் நம்பினேன்" என்று நீ சொல்லலாம். தீர்ப்பை நானும் நம்பினேன், அத்தையும் நம்பினாள். ஆனால் இரண்டாம் நாள் எங்களைப் பூட்டி வைத்திருந்தார்கள். நீ துறையில் இருந்தாய். அன்று அங்கே இருந்தவர்களில் இன்று மிச்சம் நீ ஒருத்தன்தான். அன்றைக்கு ஒரு கழி தண்ணீரில் இறங்கியதா, இல்லை உன் அம்மா அடுப்பை விட்டு எழவே இல்லையா என்பது உனக்குத் தெரியும்.

மாசி மகத்தன்று அத்தையை அழைத்து வந்து முன் வரிசையில் உட்கார வைப்பேன். ஊர் இருக்கும், கம்பெனிக்காரர்கள் இருப்பார்கள், இந்த மலரைப் படித்த நம் வகுப்புக்காரர்களும் இருப்பார்கள். மைக் உன் கையில் இருக்கும். டீ வேண்டாம், சிரிப்பு வேண்டாம். இரண்டாம் நாள் உன் அம்மா படகில் ஏறினாளா, இல்லையா? அத்தையின் முகத்தைப் பார்த்து, மைக்கில் சொல்.